ரோப்பர் எவ்வளவு பழைய ஊர்? ராஜா ரோகேஷர் கட்டினதா, ஹரப்பா காலத்து ஊரா?

கேள்வி இதுதான்: பஞ்சாப்ல ரோப்பர்னு ஒரு சின்ன ஊரு, இப்ப ரூப்நகர், அதை 11-ம் நூற்றாண்டுல ராஜா ரோகேஷர்ங்கிறவர் கட்டி தன் மகன் ரூப் சென் பேரை வெச்சார்னு ஒரு இடத்துல படிச்சேன், இன்னொரு இடத்துல அது சிந்துவெளி நாகரிக ஊருன்னு போட்டிருக்கு, ரெண்டுல எது சரின்னு கேட்டிருக்கீங்க. நான் வேலை விஷயமா அந்தப் பக்கம் சில வருஷம் இருந்தவன், லீவு நாள்ல அந்த மேட்டையும் மியூசியத்தையும் எத்தனை தடவை சுத்தியிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல நேரடியா பதில். ரோகேஷர் கதை அந்த ஊர்ல வாய்வழியா வர்ற கதை, பேரு எப்படி வந்துச்சுங்கிறதுக்கு அவங்க சொல்றது. ஊரோட வயசு அது இல்ல. அந்த மண்ணுல ஜனங்க வீடு கட்டி வாழ ஆரம்பிச்சு 4000 வருஷம் ஆகுது. ஆனா "4000 வருஷமா விடாம வாழ்ற ஊரு"ன்னு சிலர் எழுதுறாங்களே, அதுவும் தப்பு. நடுவுல ஊரு காலியா கிடந்த காலம் இருக்கு, ஒரு தடவைக்கு மேல. விட்டுட்டுப் போயிருக்காங்க, பல நூறு வருஷம் கழிச்சு சம்பந்தமே இல்லாத வேற ஜனங்க அதே மேட்டுல வந்து குடியேறியிருக்காங்க. எனக்கு இந்த ஊர்ல பிடிச்ச விஷயமே இதுதான், ஏன் திரும்பத் திரும்ப அதே இடம்? அதுக்கு பதில் தெரிஞ்சா ரோப்பர் வரலாறு முக்கால்வாசி புரிஞ்சிடும்.

காரணம் ஆறு. சட்லெஜ் திபெத்ல பொறந்து இமயமலையைக் கிழிச்சுக்கிட்டு வந்து, கடைசியா சிவாலிக் குன்றுகளைத் தாண்டி சமவெளியில காலை வைக்கிற வாசல்ல, இடது கரையில இருக்கு ரோப்பர். சண்டிகர்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்க நின்னு வடக்கே பார்த்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் குன்று தெரியும், தெற்கே திரும்பினா தட்டையான கோதுமை வயல். மலையில கிடைக்கிற மரம், கல்லு எல்லாம் ஆத்தோட கீழ இறங்குற இடம், சமவெளிக்காரன் மலைக்குப் போக வேண்டிய வழி, ஆத்தைத் தாண்ட தோதான துறை, இந்த மூணும் ஒரே இடத்துல. ஹரப்பாவுல தேவதாரு மரம் கிடைச்சிருக்கு, தேவதாரு சமவெளியில வளராது, மலையிலேர்ந்துதான் வரணும். அப்படி வந்த மரத்துக்கு ரோப்பர் மாதிரி ஊருங்க வாசலா இருந்திருக்கும்னு ஆய்வாளர்கள் யூகிக்கிறாங்க, யூகம்தான், ஆனா அந்த இடத்துல போய் நின்னு பார்த்தா நம்பத் தோணும்.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன். மலையை விட்டு இறங்கின சட்லெஜ் ரோப்பர் கிட்ட மேற்கு பாத்து வளையும், மேப்ல பார்த்தா தெளிவா தெரியும். ஒரு காலத்துல வளையாம நேரா தெற்கே ஓடி கக்கர் ஆத்துப் பள்ளத்துல சேர்ந்துச்சு, பிற்பாடு மாறினப்புறம்தான் அந்தப் பக்கம் இருந்த ஹரப்பா ஊருங்க அழிஞ்சுதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2017-ல வந்த ஒரு ஆய்வு அந்த ஆத்து மணலோட வயசை அளந்து பார்த்துச்சு, சட்லெஜ் அந்தப் பழைய பாதையை விட்டு சுமார் 8000 வருஷம் ஆச்சுன்னு சொல்லிடுச்சு. அதாவது சிந்துவெளி நகரங்க எழும்புறதுக்கு பல ஆயிரம் வருஷம் முன்னாடியே ஆறு திரும்பிடுச்சு, ரோப்பர்ல மொதல்ல வீடு கட்டினவங்க பார்த்ததும் இதே மாதிரி மேற்கே திரும்புற ஆத்தைத்தான்.

சரி, மேட்டுக்கு வருவோம். பழைய ஊரு உக்காந்திருக்கிறது சுத்தி இருக்கிற தரையை விட சுமார் 21 மீட்டர் உயரமான ஒரு மண்மேட்டுல. பஞ்சாபியில இப்படிப்பட்ட மேட்டுக்கு தேஹ்னு பேரு. அது இயற்கை மேடு கிடையாது, மண்வீடு இடிஞ்சா அதை வாரிக் கொட்ட மாட்டாங்க, சமப்படுத்தி அதுக்கு மேலயே அடுத்த வீடு, அது இடிஞ்சா அதுக்கு மேல இன்னொண்ணு, கூடவே சாம்பல், உடைஞ்ச பானை, எலும்பு, குப்பை, இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் ஏறி ஏறி ஒரு ஏழு மாடிக் கட்டடம் உயரத்துக்கு வந்து நிக்குது. அதை மேலேர்ந்து கீழ வெட்டினா கடைசிப் பக்கத்துலேர்ந்து மொதல் பக்கத்துக்கு படிக்கிற மாதிரி.

அப்படி வெட்டிப் பார்த்தவர் இந்தியத் தொல்லியல் துறையோட ஒய்.டி. சர்மா, 1952-லேர்ந்து 1955 வரைக்கும். இந்த வருஷத்தைக் கவனிங்க. 1947 பிரிவினையில ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. எல்லைக்கு இந்தப் பக்கம் சிந்துவெளி ஊரு இருக்கான்னு இந்தியாவுல தேட ஆரம்பிச்சாங்க, அப்படி சுதந்திரத்துக்கு அப்புறம் இங்க தோண்டப்பட்ட மொத ஹரப்பா ஊரு ரோப்பர்தான். லோத்தல், காளிபங்கன் எல்லாம் இதுக்கு அப்புறம். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல "ரூபார்"னு ஒத்தை வரியில வரும், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டுத் தாண்டிப் போயிடுவோம், அந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி இருக்கிற கதை இதுதான்.

முழுசா புதுக் கண்டுபிடிப்புன்னும் சொல்ல முடியாது. பக்கத்துலயே ரெண்டு மூணு கிலோமீட்டர்ல கோட்லா நிஹங் கான்னு ஒரு கிராமம், 1929-லயே மாதோ சரூப் வத்ஸ் அங்க ஹரப்பா பானைகளை எடுத்தார், ஹரப்பாவைத் தோண்டினாரே அதே வத்ஸ். தெற்கே கொஞ்சம் தள்ளி பாரான்னு ஒரு இடம், அங்க கிடைச்ச பானை வகைக்கே பாரா பண்பாடுன்னு பேரு வெச்சுட்டாங்க. ஆக ரோப்பர் தனியா நின்ன ஊரு இல்ல, சுத்தி ஊருங்க இருந்துச்சு.

மேட்டோட அடியில என்ன கிடைச்சுச்சு? ஆத்துக் கூழாங்கல்லையும் சுக்காங்கல்லையும் மண்ணு வெச்சுக் கட்டின வீடுங்க, பச்சைச் செங்கல், கொஞ்சம் சுட்ட செங்கல். மொகஞ்சதாரோ மாதிரி பெரிய குளம், அகலத் தெருன்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. இது எல்லைப்புறத்துல ஒரு சின்ன ஊரு. ஆனா மாவுக்கல்லுல செதுக்கின ஒரு குட்டி முத்திரை, சிந்து எழுத்தோட. அப்புறம் முத்திரை குத்தின ஒரு சுட்ட களிமண் உருண்டை. இந்த ரெண்டையும் மியூசியத்துல பார்த்தப்ப ரொம்ப நேரம் நகராம நின்னேன். முத்திரை குத்துறது எதுக்கு, மூட்டை கட்டி சரக்கு அனுப்புறப்ப இது இன்னாரோடதுன்னு காட்டத்தானே, அப்ப இந்த மலையடிவார ஊர்லயும் கணக்கு வழக்கு தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து சரக்கு போறதையும் வர்றதையும் பார்த்திருக்கார்.

குடியிருப்புக்கு மேற்கே இடுகாடு. நீளமா குழி வெட்டி உடம்பை மல்லாக்கப் படுக்க வெச்சு கூடவே பானைங்களை வெச்சிருக்காங்க, சிலருக்கு வளையல், மணி. இங்கதான் அந்தப் பிரபலமான நாய். ஒரு குழியில மனுஷ எலும்புக்கூட்டோட ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்துச்சு. ஹரப்பா ஊருங்கள்ல இது ரொம்ப அபூர்வம். காஷ்மீர்ல புர்ஸஹோம்னு ஒரு புதிய கற்கால இடம் இருக்கு, அங்கயும் மனுஷனோட நாயைப் புதைச்சிருக்காங்க, அதனால மலைப்பக்க வழக்கம் ஏதாவது இங்க இறங்கி வந்துச்சான்னு பேசுறாங்க. போட்டித் தேர்வு நோட்ஸ்ல "நாய் புதைக்கப்பட்ட இடம் ரூபார்"னு ஒரு மார்க் கேள்வியா வரும். எனக்கு அது மார்க் கேள்வியா தெரியல, வேட்டைக்கோ காவலுக்கோ கூடவே சுத்தின நாயை செத்தப்புறமும் கூட அனுப்பணும்னு நாலாயிரம் வருஷம் முன்னாடி ஒருத்தர் நெனச்சிருக்கார்.

அப்புறம் அந்த ஜனங்க போயிட்டாங்க. சர்மா போட்ட கணக்குப்படி கி.மு. 2000 வாக்குல ஆரம்பிச்சு கி.மு. 1400 வாக்குல முடிவு. அதுக்கு மேல ஒரு இடைவெளி, சில நூறு வருஷம் மேட்டுல யாரும் இல்ல. திரும்ப வந்தவங்க சாம்பல் கலர் பானையில கறுப்புக் கோடு போடுறவங்க, ஹஸ்தினாபுரத்துல கிடைக்குதே அதே வகை. தங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க யாருன்னு இவங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. ரிக்வேதத்துல சட்லெஜுக்கு சுதுத்ரின்னு பேரு, விஸ்வாமித்திரர் அந்த ஆத்துகிட்டயும் பியாஸ்கிட்டயும் கொஞ்சம் தணிஞ்சு வழிவிடுங்கம்மான்னு பேசுற மாதிரி ஒரு சூக்தமே இருக்கு. அது ரோப்பர்லதான் நடந்துச்சுன்னு சொல்ல வரல, ஆனா இந்த ஆத்தைத் தாண்டுறது எவ்வளவு பெரிய காரியமா இருந்துச்சுங்கிறதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதுக்கு மேல வர்ற அடுக்கு கி.மு. 600-லேர்ந்து 200 வரைக்கும், புத்தர் காலமும் மௌரியர் காலமும் இதுக்குள்ள வந்துடும். ரோப்பர் நிஜமாவே டவுன் ஆனது இப்பதான்னு நான் சொல்லுவேன். பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுற வடக்கத்திக் கறுப்புப் பானை, இரும்புச் சாமான், முத்திரைக் காசு எல்லாம் வருது. சுட்ட செங்கல்ல 12 அடி அகலத்துக்கு ஒரு சுவர், சுமார் 75 மீட்டர் நீளத்துக்கு அதைத் தொடர்ந்து தோண்டிப் போயிருக்காங்க, நேரா போகாம வளைஞ்சு போகுது. மழைத் தண்ணியைச் சேர்த்து வைக்கிற ஒரு குளத்தைச் சுத்திக் கட்டினதா இருக்கலாம், தண்ணி உள்ள வர வழியும் வெச்சிருக்காங்க. பக்கத்துல வருஷம் முழுக்க ஆறு ஓடுறப்ப எதுக்கு குளம்னு எனக்கு மொதல்ல தோணுச்சு. ஊரு அதுக்குள்ளயே மேட்டு மேல ஏறிடுச்சு, தெனம் தண்ணி எடுக்க கீழ இறங்கி ஏறணும், அதனால இருக்கலாம். நம்ம பக்கம் உறைகிணறுன்னு சொல்றோமே, சுடுமண் வளையத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இறக்குறது, அதே மாதிரி அடுக்கின குழிங்களும் இந்தக் காலத்து மேலடுக்குல கிடைச்சுது, ஆனா அங்க அது குடிக்கத் தண்ணி எடுக்க இல்ல, கழிவுத் தண்ணியை மண்ணுல இறக்குறதுக்கு.

அலெக்சாந்தர் கி.மு. 326-ல பியாஸ் கரையோட திரும்பிட்டார், சட்லெஜ் வரைக்கும் வரல. ஆனா அவருக்கு அப்புறம் வந்த இந்தோ-கிரேக்க ராஜாக்களோட காசு ரோப்பர் வரைக்கும் வந்துடுச்சு. கூடவே குணிந்தர்கள்னு இந்த மலையடிவாரத்துக்காரங்களோட காசு, அப்புறம் குஷாணர். குஷாணர் காசும் அவங்களுக்குப் பின்னாடி வந்தவங்க காசுமா செப்புக்காசு 600 ஒரே புதையலா கிடைச்சுது. குப்தர் காலத்துக்கு வந்தா சந்திரகுப்தர்-குமாரதேவி ஜோடியா நிக்கிற வகைத் தங்கக்காசு ஒண்ணு. வீணை வாசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரு பொண்ணு சுடுமண் பொம்மை, சமுத்திரகுப்தர் வீணையோட உக்காந்திருப்பாரே ஒரு காசுல, அது ஞாபகம் வரும். மூணு வெள்ளிப் பாத்திரம், பூஜைக்கு உள்ளதாம், வேலைப்பாட்டுல கிரேக்க-ரோமச் சாயல். ஒரு மலையடிவாரச் சின்ன ஊர்ல இவ்வளவும் எப்படின்னா, திரும்பவும் அதே பதில்தான், வழியில இருக்கிற ஊரு, போறவங்க வர்றவங்க எல்லாம் தங்கிட்டுப் போற துறை.

அதுக்கு மேல ஹூணர் ராஜாக்கள் தோரமாணர், மிகிரகுலர் காசு, அப்புறம் இன்னொரு தொய்வு, அப்புறம் சுல்தானியர் காலத்துலேர்ந்து மொகலாயர் காலம் வரைக்கும் வர்ற மேலடுக்கு. நீங்க படிச்ச ரோகேஷர் கதை இந்த மேல் பகுதியில எங்கயோ வந்து உக்காருது. அதை பொய்னு தள்ளிவிட எனக்கு மனசு வராது. பாழா கிடந்த மேட்டுல யாரோ ஒரு தலைவன் வந்து திரும்ப ஊரை எழுப்பி, அந்த ஜனங்க அவனையே ஊரை உண்டாக்கினவன்னு நெனச்சுக்கிட்டது ரொம்ப இயல்பு. காலுக்குக் கீழ இருக்கிற மூவாயிரம் வருஷம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பேரை அரசாங்கமும் 1976-ல ரூப்நகர்னு அதிகாரபூர்வமா எடுத்துக்கிச்சு, ஆனா பஸ்ல கண்டக்டர் இன்னும் ரோப்பர், ரோப்பர்னுதான் கூப்பிடுவார்.

சீக்கியர் வரலாறுல இந்த வட்டாரத்துக்கு இருக்கிற இடம் தனிக் கட்டுரைக்கு உள்ளது, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். முன்னாடி சொன்ன கோட்லா நிஹங் கான் கிராமத்துக்குப் பேர் கொடுத்த நிஹங் கான் ஒரு பட்டான் முஸ்லிம். 18-ம் நூற்றாண்டு தொடக்கத்துல குரு கோபிந்த் சிங் ஆனந்த்பூரை விட்டு வெளியேறினப்ப, மொகலாயப் படைக்குப் பயப்படாம இடம் கொடுத்தவர். படுகாயம் பட்ட பச்சித்தர் சிங்ங்கிற வீரரை தன் வீட்டு உள் ரூம்ல ஒளிச்சு வெச்சு, சோதனைக்கு வந்தவங்ககிட்ட உள்ள என் மகளும் மருமகனும் இருக்காங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பினார்னு சீக்கியர் மரபு சொல்லுது. அந்தப் பொண்ணு மும்தாஜை இன்னைக்கும் அங்க பீபி மும்தாஜ்னு மரியாதையாத்தான் சொல்லுவாங்க. குரு அங்க இருந்த செங்கல் சூளையில குதிரையோட கால் வெச்சதும் சூடு தணிஞ்சுதுன்னு நம்பிக்கை, அந்த இடத்துல பட்டா சாகிப் குருத்வாரா இருக்கு, பட்டான்னா சூளை.

1763-ல டல்லேவாலியா மிஸல்ங்கிற சீக்கியப் படைக்குழுவைச் சேர்ந்த ஹரி சிங் ரோப்பரைப் பிடிச்சார், அவர் வம்சம் ஆள ஆரம்பிச்சுது. 1809 அமிர்தசரஸ் ஒப்பந்தத்துல சட்லெஜ் எல்லைக்கோடு ஆச்சு, ஆத்துக்கு வடக்கே மகாராஜா ரஞ்சித் சிங், தெற்கே உள்ள குட்டி ராஜாக்கள் கிழக்கிந்தியக் கம்பெனி பாதுகாப்புல. ரோப்பர் சரியா கோட்டு மேல. அதனாலதான் 1831 அக்டோபர்ல ரஞ்சித் சிங்கும் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்கும் சந்திக்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆத்துல படகை வரிசையா கட்டிப் பாலம் போட்டு, அந்தக் கரையில ரஞ்சித் சிங் கூடாரம், இந்தக் கரையில வெள்ளைக்காரன் கூடாரம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் விருந்தும் படை அணிவகுப்பும் பல நாள். மேலுக்கு நட்பு, உள்ளுக்குள்ள கம்பெனிக்கு சிந்து நதியில வியாபாரக் கப்பல் விடணும், ரஷ்யா பக்கமிருந்து யாரும் வந்துடக் கூடாதுங்கிற கவலை. இந்தப் பெண்டிங் யாருன்னு நமக்கு நல்லாவே தெரியணும், 1806-ல வேலூர் கோட்டையில சிப்பாய்கள் எழுந்தப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்தவர், அந்தத் தலைப்பாகை உத்தரவு விவகாரத்துல பதவியை இழந்து லண்டன் திரும்பினவர். இருபது வருஷம் கழிச்சு இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலா வந்து ரோப்பர் ஆத்தங்கரையில ரஞ்சித் சிங்கோட உக்காந்திருக்கார்.

ரஞ்சித் சிங் 1839-ல போய்ச் சேர்ந்தார், 1845-ல சீக்கியருக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்துடுச்சு. ரோப்பர் ராஜா பூப் சிங் கம்பெனி பாதுகாப்புல இருந்தும் சீக்கியர் பக்கம் நின்னார், 1846-ல அவர் சமஸ்தானத்தையே பறிமுதல் பண்ணிட்டாங்க. அதோட ரோப்பர் ராஜ்யம் முடிஞ்சுது.

ஆனா ஆத்து வாசல் விடல. மலையை விட்டு இறங்கின தண்ணியைத் திருப்பணும்னா எங்க திருப்பணும்? இங்கதான். சிர்ஹிந்த் கால்வாயோட தலைமதகை ரோப்பர்ல கட்டி 1882-ல தண்ணி விட்டாங்க, தெற்குப் பஞ்சாபோட மால்வா பூமி பச்சையானதுல இதுக்குப் பெரிய பங்கு. பிற்பாடு 1952-ல அங்க கட்டின தடுப்பணைக்கு மேல தேங்கின தண்ணி ஏரியாகி, குளிர்காலத்துல வெளிநாட்டுப் பறவைங்க வர்ற இடமாச்சு, 2002-ல முக்கியமான நீர்நிலைகளுக்கான உலக அளவிலான ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு.

நேர்ல போகணும்னா, தோண்டின பொருளுங்க பெரும்பாலும் மேட்டடியில இருக்கிற தொல்லியல் துறை மியூசியத்துல இருக்கு, 1998-ல திறந்தது. சின்னதுதான், ஒரு மணி நேரத்துல பார்த்துடலாம், ஆனா காலவரிசையா அடுக்கியிருக்காங்க, ஹரப்பா பானைக்கும் சாம்பல் பானைக்கும் என்ன வித்தியாசம்னு கண்ணாலயே புரியும். அதை முடிச்சிட்டு வேலிக்குள்ள இருக்கிற மேட்டைப் பாருங்க, மழை அரிச்ச ஓரத்துல பானை ஓடு அடுக்கடுக்கா நீட்டிக்கிட்டு இருக்கும், எடுத்துப் பையில போட்டுக்காதீங்க, எந்த அடுக்குலேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத ஓட்டுக்கு அப்புறம் கதையே கிடையாது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள போனா ஏரியில பறவையும் பார்த்துட்டு வந்துடலாம். வெள்ளிக்கிழமை போகாதீங்க, மியூசியம் லீவு.